கரண்ட் போனால் யார் சொல்வது?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் வைஃபை உள்ள சின்னச் சின்ன எலக்ட்ரோனிக் போர்ட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் எழுதிவிட்டு, வீட்டில், தோட்டத்தில், தொழிலில் இவற்றை வைத்து ஏதாவது செய்பவர்கள் இருந்தால் கேள்வி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களைப் பார்த்து உண்மையில் சந்தோஷப்பட்டேன். தண்ணீர்த் தாங்கி, மீன் பிரீசர், வயல் வாய்க்கால், பள்ளிக்கூடக் கண்காட்சி என்று எல்லாம் நம் ஊர்த் தேவைகள். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

உப்புவெளி வாசகி: அண்ணா, மேல்தாங்கி நிரம்பினதும் மோட்டரை நிற்பாட்ட நோட்எம்சியு என்ற வைஃபை போர்ட் ஒன்றும், அது சொல்லும்போது மோட்டரைப் போட்டு நிற்பாட்டும் ரிலே என்ற சுவிட்சும் வைத்துத் தம்பி செய்து தந்தான். மேசையில் வைத்துப் பார்த்தபோது நன்றாக வேலை செய்தது. மொட்டை மாடியில் தாங்கிக்குப் பக்கத்தில் பூட்டின பிறகு அடிக்கடி இணைப்பு அறுந்து போகிறது. ஒரு நாள் அப்படி அறுந்த நேரம் மோட்டர் நிற்காமல் ஓடி வளவெல்லாம் வெள்ளம். ரவுட்டரை மாற்ற வேண்டுமா? தம்பியின் புரோகிராமையும் சேர்த்து அனுப்புகிறேன்.

ரவுட்டருக்கு இப்போதைக்குக் காசு செலவழிக்காதீர்கள் தங்கச்சி. இங்கே இரண்டு பிரச்சினை இருக்கிறது. வெள்ளத்துக்குக் காரணம் இணைப்பு அறுந்தது அல்ல, அறுந்தவுடன் போர்ட் என்ன செய்கிறது என்பதுதான்.

புரோகிராமைப் பார்த்தேன். தாங்கி நிரம்பிய செய்தி முதலில் போன் ஆப்பின் சேர்வருக்குப் போகிறது, அது எங்கோ வெளிநாட்டில் இருக்கும், அங்கிருந்து "நிற்பாட்டு" என்ற கட்டளை திரும்பி வந்த பிறகுதான் ரிலே விழுந்து மோட்டரை நிற்பாட்டுகிறது. தாங்கியும் மோட்டரும் ஒரே வளவுக்குள் இருக்கும்போது எதற்கு இந்தச் சுற்று? அது போதாதென்று, வைஃபை இல்லாவிட்டால் "கிடைக்கும் வரை காத்திரு" என்று ஒரு வளையம் எழுதியிருக்கிறான். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் புரோகிராம்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும், அதனால் தம்பியைக் குறை சொல்லவில்லை. ஆனால் போர்ட் அந்த வளையத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் வரை, தாங்கிக்குள் நீர்மட்டத்தைக் காட்டும் மிதவையைத் திரும்பிப் பார்க்கவே பார்க்காது. தண்ணீர் வழிந்தாலும் அதற்குத் தெரியாது.

மாற்ற வேண்டியது இதுதான். மிதவை மேலே வந்தால் ரிலே விழ வேண்டும், அந்த முடிவைப் போர்ட்டே எடுக்க வேண்டும், வைஃபை இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே அதற்குள் வரக்கூடாது. இணைப்பு இல்லாவிட்டால் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கட்டும். கூடவே, தாங்கி நிரம்ப வழக்கமாக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்த்து, அதைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் மோட்டர் தானாக நிற்கும்படி ஒரு எல்லை வையுங்கள். மிதவை இறுகிவிட்டாலும், கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டர் வெறுமனே சுற்றினாலும் அந்த எல்லை காப்பாற்றும். போனுக்குப் போகவேண்டியது "நிரம்பிவிட்டது", "மோட்டர் நின்றுவிட்டது" என்ற செய்தி மட்டும். அது பத்து நிமிடம் பிந்திப் போனால் ஒன்றும் குடிமுழுகாது.

இனி இணைப்புக்கு வருவோம். போர்ட் தன் வைஃபை சிக்னல் எவ்வளவு என்று டிபிஎம் என்ற சிக்னல் பலத்தின் அளவில் சொல்லும். மைனஸ் 50, 60 என்றால் நல்லது, மைனஸ் 70 பரவாயில்லை, மைனஸ் 80ஐத் தாண்டினால் அறுந்து அறுந்துதான் வரும். அந்த எண்ணைப் பத்து விநாடிக்கு ஒருமுறை காட்டும்படி எழுதி, போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியில் நடந்து பாருங்கள். தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், பிளாஸ்டிக் பெட்டிதான் வேண்டும். தண்ணீர் நிறைந்த தாங்கி போர்ட்டுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் நிற்கக்கூடாது, வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். தாங்கியின் மற்றப் பக்கத்துக்குப் போர்ட்டை மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியலாம். போர்ட்டின் நுனியில் பாம்பு போல வளைந்த செம்புக் கோடு ஒன்று இருக்கிறதே, அதுதான் அன்டெனா. அதை ஒட்டி வயரோ, ஆணியோ, ரிலேயோ இருக்கவிடாதீர்கள்.

மின்சாரத்தையும் பாருங்கள். செய்தி அனுப்பும் அந்தக் கணத்தில் இந்தப் போர்ட்டில் உள்ள ஈஎஸ்பி8266 சிப் 170 மில்லி அம்பியர் வரை இழுக்கும், நீளமான மெல்லிய யூஎஸ்பி வயர் அதைத் தாங்காமல் வோல்ட் விழுந்து போர்ட் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது "வைஃபை அறுந்தது" போலவே இருக்கும். நல்ல 5 வோல்ட் அடப்டர் ஒன்று, கட்டை வயர், போர்ட்டின் 3.3 வோல்ட் பின்னுக்கு (வயர் பூட்டும் காலுக்கு) பக்கத்தில், மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைக்கும் 470 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் ஒன்று.

இன்னும் ஒன்று, இது ஆபத்தான விஷயம். ரிலேயை டி1 அல்லது டி2 பின்னில் மட்டும் பூட்டுங்கள். மற்றப் பின்களில் சில, போர்ட் எழும்பும் நேரத்தில் தாமாகவே மேலே கீழே போகும், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் மோட்டர் ஒரு தட்டுத் தட்டும். அத்தோடு அந்தச் சின்ன நீல ரிலேயால் 230 வோல்ட் மோட்டரின் தொடக்க இழுவையைத் தாங்க முடியாது, உள்ளே ஒட்டிக்கொண்டால் எந்தப் புரோகிராமும் மோட்டரை நிற்பாட்டாது. ரிலே, மோட்டர் இழுவையைத் தாங்கும் பெரிய சுவிட்சான ஒரு கொன்டாக்டரை இயக்கட்டும், கொன்டாக்டர் மோட்டரை இயக்கட்டும். அந்த வேலையை ஒரு எலக்ட்ரிசியனைக் கொண்டு செய்யுங்கள்.

நிலாவெளி, விருந்தினர் விடுதி வைத்திருப்பவர்: போனில் வைஃபை தெரிகிறது, அதே இடத்தில் வைத்த ஈஎஸ்பி32 போர்ட்டுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. போர்ட் பழுதா?

பழுது இல்லை ஐயா. உங்கள் ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் பேசுகிறது போல. ஈஎஸ்பி8266, வழக்கமான ஈஎஸ்பி32, ராஸ்பெரி பை பிக்கோ டபிள்யூ எல்லாமே 2.4 மட்டும்தான் கேட்கும். ரவுட்டர் அமைப்பில் 2.4ஐத் திறந்து அதற்குத் தனிப் பெயர் கொடுங்கள், சனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்துங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தாலும் பழைய போர்ட்டுகள் சேராது, டபிள்யூபிஏ2வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றிவிடுங்கள். விருந்தினருக்குக் கொடுக்கும் வைஃபையில் இதைச் சேர்க்க வேண்டாம். கடவுச்சொல்லை மாற்றும் ஒவ்வொரு முறையும் போர்ட்டையும் மாற்ற வேண்டி வரும், முன்பின் தெரியாத ஆட்களும் அதே வலையில் இருப்பார்கள்.

கிண்ணியா வாசகர்: அஸ்ஸலாமு அலைக்கும் சேர். வாப்பாவின் மீன் பிரீசருக்குள் வெப்பமானி வைத்து, சூடு ஏறினால் டெலிகிராமில் செய்தி வரும்படி செய்தோம். போன கிழமை இரவு கரண்ட் போய் விடியும் வரை வரவில்லை. ஒரு செய்தியும் வரவில்லை. மீன் எல்லாம் பழுதாகிவிட்டது. எங்கே பிழை?

வ அலைக்கும் ஸலாம். படித்ததும் மனம் கஷ்டப்பட்டது தம்பி, ஒரு பிரீசர் மீன் என்றால் சின்னக் காசு இல்லை.

கரண்ட் போனதும் உங்கள் போர்ட்டும் போனது, ரவுட்டரும் போனது. எந்த ஆபத்தைச் சொல்ல வைத்தீர்களோ அதே ஆபத்து, சொல்லுகிறவனின் வாயையும் சேர்த்துப் பொத்திவிட்டது. கேள்விகள் அனுப்பியவர்களில் அரைவாசிப் பேரின் கருவிகளில் இதே குறை இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"ஏதாவது நடந்தால் சொல்லு" என்று கருவிக்குச் சொல்வதை விட்டுவிட்டு, "ஒன்றும் நடக்காவிட்டாலும் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இரு" என்று சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போர்ட் தன் வெப்பநிலையை வெளியில் உள்ள ஒரு சேர்வருக்கு அனுப்பட்டும். அந்தச் சேர்வர் கிண்ணியாவில், உங்கள் வீட்டில், அதே கரண்டில் இருக்கக்கூடாது. இரண்டு மூன்று செய்தி தொடர்ந்து வராவிட்டால் சேர்வர் தானாக உங்கள் போனை எழுப்ப வேண்டும். கரண்ட் போனதா, ரவுட்டர் இறுகியதா, எலி வயரைக் கடித்ததா, டேட்டா முடிந்ததா என்று அதற்குத் தெரியத் தேவையில்லை. சத்தம் நின்றுவிட்டது, எழும்பிப் போய்ப் பாருங்கள், அவ்வளவுதான்.

இதற்கென்றே பொருத்தமான முறை ஒன்று இருக்கிறது, கருவிகள் ஒரு சேர்வர் வழியாகச் சின்னச் செய்திகளைப் பரிமாறும் எம்க்யூடிடி. 1999இல் ஆர்லன் நிப்பரும், ஐபிஎம்மைச் சேர்ந்த அன்டி ஸ்டான்போர்ட்-கிளார்க்கும் சேர்ந்து உருவாக்கியது, பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்க. அறுந்து அறுந்து வரும், விலை கூடிய, மெதுவான இணைப்புக்காகவே பிறந்தபடியால் நம்முடைய 4ஜி இணைப்புக்கு நன்றாகப் பொருந்துகிறது. கருவி சேர்வரோடு சேரும்போதே ஒரு "கடைசிச் செய்தி"யைக் கொடுத்து வைக்கலாம்: நான் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால் இதை எல்லோருக்கும் அறிவியுங்கள் என்று. எத்தனை விநாடிக்கு ஒருமுறை தலைகாட்டுவேன் என்பதையும் கருவியே சொல்லும், அந்த நேரத்தின் ஒன்றரை மடங்கு கழிந்தும் சத்தம் இல்லை என்றால் சேர்வர் இணைப்பை வெட்டி, கடைசிச் செய்தியை வெளியிட்டுவிடும். 60 விநாடி என்று வைத்தால் 90ஆவது விநாடியில் விஷயம் வெளியே வந்துவிடும். அதைக் கேட்டு டெலிகிராமுக்கு அனுப்பும் சின்ன புரோகிராம் ஒன்று சேர்வர் பக்கத்தில் ஓட வேண்டும்.

ஒவ்வொரு சின்னக் கரண்ட் வெட்டுக்கும் நடுச்சாமத்தில் போன் அலறினால் வாப்பா இரண்டாம் நாளே அதை நிற்பாட்டிவிடுவார், அதுவும் உண்மை. ஆகவே ரவுட்டருக்கும் போர்ட்டுக்கும் ஒரு மினி யூபிஎஸ் (கரண்ட் போனாலும் ஓடவைக்கும் பற்றரிப் பெட்டி) பூட்டுங்கள், பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட் டீசி தான், அடப்டரில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அப்போது கரண்ட் போனாலும் "உள்ளே மைனஸ் 16" என்று கருவியே அமைதியாகச் சொல்லும். மூடியைத் திறக்காமல் விட்டால் நிறைந்த பிரீசர் பல மணி நேரம் தாங்கும், சூடு ஏற ஏறத்தான் பதற வேண்டும். எப்போது ஐஸ் வாங்கப் போவது என்று வாப்பா எண்ணைப் பார்த்தே முடிவு செய்வார்.

வெப்பமானி எது என்று எழுதவில்லை. டிஎஸ்18பி20 என்ற, எவர்சில்வர் மூடி போட்ட வயர் உள்ளதென்றால் நல்ல தெரிவு, மைனஸ் 55 வரை அளக்கும். நுனியை மட்டும் உள்ளே விட்டுப் போர்ட்டை வெளியே வையுங்கள், பிரீசர் என்பது இரும்புப் பெட்டி, உள்ளே வைஃபை நுழையாது. இந்த வெப்பமானி கரண்ட் வந்தவுடன் அளக்க முன்னரே கேட்டால் 85 என்று சொல்லும், வயர் கழன்றால், அதை வாசிக்கப் புரோகிராமில் சேர்க்கும் வழக்கமான லைப்ரரி மைனஸ் 127 என்று காட்டும். முதலாவதைத் தள்ளிவிடுங்கள். இரண்டாவதைத் தள்ளாதீர்கள், அது "வயர் கழன்றது" என்று தனியே ஒரு எச்சரிக்கையாக வரவேண்டும், இல்லாவிட்டால் நன்றாகக் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இருப்பீர்கள்.

வீட்டு 4ஜியை மட்டும் நம்ப முடியாது என்றால் சிம் போடும் மொடியூல் ஒன்றைத் துணைக்கு வைக்கலாம். விலை குறைந்த சிம்800எல் 2ஜி மட்டும்தான், அதுவும் செய்தி அனுப்பும் கணத்தில் 2 அம்பியர் வரை இழுக்கும், போர்ட்டிலிருந்து கரண்ட் எடுத்துக் கொடுத்தால் எழும்பவே எழும்பாது. புதிதாக வாங்குவதென்றால் 4ஜி மொடியூலாகவே வாங்குங்கள்.

திருகோணமலை நகரம், உயர்தர மாணவி: கண்காட்சிக்காக வெப்பம், ஈரப்பதம் அளந்து அனுப்பும் கருவி செய்கிறேன் சேர். 2500 மில்லி அம்பியர் மணி பற்றரி போட்டும் ஒன்றரை நாளில் முடிந்துவிடுகிறது. புத்தகத்தில் சிப் 20 மைக்ரோ அம்பியர்தான் எடுக்கும் என்று இருக்கிறது. ஏன் இந்த வித்தியாசம்?

நல்ல கேள்வி மகள். கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம். வைஃபை எப்போதும் உயிரோடு இருந்தால் ஈஎஸ்பி8266 சராசரியாக 70, 80 மில்லி அம்பியர் எடுக்கும். 2500ஐ 80ஆல் வகுத்தால் 31 மணித்தியாலம். உங்கள் ஒன்றரை நாள் அங்கேதான் போனது. அந்த 20 மைக்ரோ அம்பியர், வைஃபையை அணைத்துவிட்டுச் சிப் தூங்கும் ஆழ்ந்த உறக்கத்தில் மட்டும்.

அப்படியானால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி, ஐந்து விநாடியில் அனுப்பிவிட்டு மறுபடி தூங்கட்டும். 900 விநாடிக்கு 5 விநாடி, 80 மில்லி அம்பியர்: சராசரி 0.44 மில்லி அம்பியர். உறக்கத்தையும் சேர்த்தால் 0.46. இப்போது 2500ஐ வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 5400 மணித்தியாலம், ஏழு மாதம்! எழும்புவதற்கு டி0 பின்னையும், போர்ட்டை முதலிலிருந்து தொடங்க வைக்கும் ஆர்எஸ்டி பின்னையும் ஒரு வயரால் இணைக்க வேண்டும், இது இல்லாவிட்டால் தூங்கினது தூங்கினதுதான். புரோகிராமை ஏற்றும்போது மட்டும் அந்த வயரைக் கழற்றிவிடுங்கள்.

ஆனால் நோட்எம்சியு போர்ட்டோடு அந்த ஏழு மாதம் வராது. சிப் தூங்கினாலும் போர்ட்டில் உள்ள, வோல்ட்டை 3.3க்கு இறக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரும் யூஎஸ்பி சிப்பும் விழித்தே இருக்கும், அவையே பல மில்லி அம்பியரை விழுங்கும். 5 மில்லி அம்பியர் என்று வைத்துக்கொண்டாலே பத்தொன்பது நாளில் பற்றரி காலி. இன்னும் ஒன்று, அந்த ரெகுலேட்டருக்கு 3.3 வோல்ட் தர உள்ளே கிட்டத்தட்ட 4.5 வோல்ட் வேண்டும். உங்கள் லிதியம் பற்றரி நிறைந்திருக்கும்போதே 4.2 தான். ஆகையால் வெறும் ஈஎஸ்பி-12 மொடியூலை வாங்கி, எச்டி7333 போன்ற, தானாக மிகக் குறைவாகவே குடிக்கும் ரெகுலேட்டர் ஒன்றையும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்றையும் வைத்து நீங்களே பூட்டுங்கள். ரவுட்டரிடம் முகவரி கேட்டு நிற்கும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கலாம், நிலையான ஐபி முகவரியைப் புரோகிராமிலேயே எழுதிவிட்டால் போதும்.

இரண்டு போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மல்ரிமீற்றரால் அளந்த கரண்டை அட்டையில் எழுதிக் கண்காட்சியில் வையுங்கள். பார்க்க வருபவர்கள் கருவியைவிட அந்தக் கணக்கைத்தான் கூடுதல் நேரம் நின்று பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தம்பலகாமம், விவசாயி: கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வருகிறது என்று பார்க்க இரவில் வயலுக்குப் போக வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றர். வீட்டு வைஃபையை அங்கே கொண்டுபோக வழி உண்டா?

வைஃபையை இழுக்க வேண்டாம் ஐயா. திசை அன்டெனா, உயரக் கம்பம் எல்லாம் வைத்தால் இழுக்க முடியும், ஆனால் வயலில் நிற்கும் கருவிக்கு அவ்வளவு கரண்ட் எங்கே? உங்களுக்கு வேண்டியது "தண்ணீர் வந்துவிட்டது, ஒரு சாண் உயரம்" என்ற ஒரு வரி. அதற்கு, சின்னச் செய்தியை நெடுந்தூரம் அனுப்பும் லோரா என்ற ரேடியோ முறை போதும்.

லோராவின் சூத்திரம் மெதுவாகப் பேசுவது. ஒரு சின்னச் செய்தியை நீட்டி நீட்டி, அலைவரிசையை மேலும் கீழும் இழுத்து அனுப்புவதால், இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் சிக்னலைக்கூட மற்றப் பக்கம் தோண்டி எடுத்துவிடும். மிக மெதுவான அமைப்பில் வேகம் விநாடிக்கு 300 பிற் அளவுதான், படம் பாட்டு ஒன்றும் போகாது. உங்களுக்கு இருபது எழுத்துப் போதுமே. திறந்த வயல்வெளியில் இரண்டு கிலோமீற்றர் அதற்குப் பெரிய தூரமில்லை, ஆனால் அன்டெனாவை நெற்பயிருக்குள் வைக்காமல் கம்பத்தில் ஏற்றுங்கள், வீட்டுப் பக்கமும் கூரைக்கு மேலே. வாய்க்காலில் ஒரு மிதவை, ஒரு லோரா போர்ட், ஒரு பற்றரி, ஒரு சின்ன சோலர் தகடு. வீட்டில் இன்னொரு லோரா போர்ட், அது வைஃபையில் சேர்ந்து உங்கள் போனுக்குச் செய்தியைத் தள்ளும். வீட்டு இணைப்பு அறுந்தாலும் அந்த வீட்டுப் போர்ட்டில் ஒரு பசர் வைத்துவிட்டால் இரவில் அதுவே எழுப்பும், இணையமே தேவையில்லை.

வாங்க முன் ஒரு வேலை. எந்த அலைவரிசையைப் பாவிக்கலாம் என்பதை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒரு நாட்டுக்குச் சரியான மொடியூல் இன்னொரு நாட்டில் அனுமதியில்லாததாக இருக்கும், வெளிநாட்டுக் கடைகள் அதைப் பார்த்து விற்பதில்லை. அன்டெனா பூட்டாமல் ஒரு தடவைகூட ஓடவிடாதீர்கள், அனுப்பும் பகுதி எரிந்துபோகக் கூடும்.

குச்சவெளி வாசகர்: கடற்கரை வாடியில் பூட்டின போர்ட் சில மாதத்தில் பச்சை பிடித்துச் செத்துவிடுகிறது.

உப்புக் காற்று. வாடைக்காலத்தில் அதோடு மழை ஈரமும் சேர்ந்துவிடும். இறப்பர் வளையம் உள்ள பெட்டி, வயர் நுழையும் துளைக்கு, வயரைச் சுற்றி இறுக்கி அடைக்கும் கிளாண்ட், துளை எப்போதும் பெட்டியின் அடிப்பக்கத்தில். போர்ட்டுக்கு மேலே பூசும் பாதுகாப்பு லாக்கர் ஸ்பிரே கிடைக்கும், இரண்டு பக்கமும் அடியுங்கள், ஆனால் பின் செருகும் இடங்களையும் ஈரப்பத உணரியையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு. வயர்களைச் செருகுவதை விட்டுவிட்டு ஈயம் வைத்து ஒட்டுங்கள், அந்தப் பின்களில்தான் முதலில் பச்சை பிடிக்கும். கச்சான் காலத்து வெயிலில் பெட்டிக்குள் கடுமையாகச் சூடேறும், நிழலில் பூட்டுங்கள்.

சீனக்குடா வாசகர்: வெளியூரிலிருந்து வீட்டுக் கருவியைப் பார்க்க ரவுட்டரில் போர்ட் (எலக்ட்ரோனிக் போர்ட் அல்ல, வெளியிலிருந்து இணையம் வழியாக உள்ளே வரும் கதவு) திறக்க முயன்றேன், சரிவரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என் கருவிக்குள் நுழைந்துவிடுவாரா என்ற பயமும் இருக்கிறது.

சரிவராதது நல்லதாகப் போயிற்று. உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள், 10இல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, உங்களுக்கென்று தனிப் பொது முகவரி இல்லை, பலர் ஒரே முகவரியைப் பகிர்கிறீர்கள். மொபைல் வலையமைப்புகளில் இது வழக்கம். அங்கே வெளியிலிருந்து உள்ளே கதவு திறக்கவே முடியாது. தேவையும் இல்லை. கருவி உள்ளிருந்து வெளியே போய் எம்க்யூடிடி சேர்வரோடு பேசட்டும், உங்கள் போனும் அதே சேர்வருக்குப் போகட்டும், இரண்டும் அங்கே சந்திக்கும்.

கதவைத் திறந்து வைத்தால் வருவது பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல் (கருவிகளுக்குள் புகும் கெட்ட புரோகிராம்), தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை மாற்றாத கமராக்களையும் ரவுட்டர்களையும் தேடித் தேடிப் பிடித்துப் பெரும் படையாக்கியது. அந்த ஒக்டோபரில் இணையத் தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தின் மீது அது ஏவப்பட்டபோது ட்விட்டர் உட்படப் பெரிய தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. வீடுகளில் மூலையில் கிடந்த சின்னக் கருவிகள்தான் அத்தனையையும் செய்தன. ஆகவே கடவுச்சொல்லை மாற்றுங்கள். பரிசோதனைக்கென்று எல்லோருக்கும் திறந்திருக்கும் பொது எம்க்யூடிடி சேர்வர்களில் மோட்டர், கேற் போன்றவற்றை ஒருநாளும் இணைக்காதீர்கள், உங்கள் செய்திகள் போகும் தலைப்பின் பெயர் தெரிந்த யாரும் அங்கே கட்டளை போடலாம். எம்க்யூடிடி சேர்வரின் 1883ஆம் இலக்கக் கதவில் எல்லாம் வெட்டவெளியில் போகும், 8883இல் மறைகுறியாக்கி அனுப்புங்கள். அப்படி மாற்றியதும் சேர்வரின் அடையாளச் "சான்றிதழ் செல்லாது" என்று கருவி அடம்பிடித்தால் பயப்பட வேண்டாம், எழும்பும்போது அதன் கடிகாரம் 1970இல் நிற்கும், அந்தத் தேதியில் எந்தச் சான்றிதழும் பிறந்திருக்காது. முதலில் என்டிபி சேர்வரிடம் நேரம் கேட்டு வாங்கிவிட்டுப் பிறகு இணைக்கச் சொல்லுங்கள்.

மூதூர், விஞ்ஞான ஆசிரியை: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எந்தப் போர்ட் வாங்கலாம்?

ஈஎஸ்பி32 வாங்குங்கள் ரீச்சர். ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிவ் நிறுவனத்தின் ஈஎஸ்பி8266 2014இல் வந்தபோதுதான் வைஃபை சாதாரண ஆட்கள் வாங்கக்கூடிய விலைக்கு இறங்கியது, இன்றைக்கும் அது மோசமில்லை. ஆனால் அதில் அனலொக் உள்ளீடு, அதாவது கூடிக் குறையும் வோல்ட்டை அளக்கும் பின், ஒன்றே ஒன்று. 2016இல் வந்த ஈஎஸ்பி32இல் நிறைய உண்டு, புளூடூத்தும் உண்டு. பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றை மட்டும் முதலே சொல்லிவையுங்கள்: வைஃபை ஓடும்போது 0, 2, 4, 12 முதல் 15, 25 முதல் 27 வரையான பின்களில் அனலொக் அளவு எடுக்க முடியாது, 32 முதல் 39 வரைக்குள் உள்ள பின்களைப் பாவிக்க வேண்டும். வகுப்பில் ரவுட்டர் இல்லாவிட்டாலும் தடையில்லை, ஈஎஸ்பி-நௌ என்ற முறையில் போர்ட்டுகள் ரவுட்டர் இல்லாமலே தங்களுக்குள் சின்னச் செய்திகளை அனுப்பிக்கொள்ளும். ஒரு போர்ட்டை வகுப்பிலும் மற்றதை மைதானத்தின் அந்தக் கோடியிலும் வைத்து, எங்கே செய்தி அறுகிறது என்று பிள்ளைகளையே நடந்து பார்த்துக் கொப்பியில் குறிக்கச் சொல்லுங்கள்.